மேடைக்கு முதுகு காட்டி உக்காந்தவன் பேசுறேன்

(கஜா புயல் நிவாரணத்துக்கு நம்ம பசங்க போட்ட ராக் கச்சேரிய பத்தி, அன்னைக்கு வந்திருந்தவங்க எல்லாம் மன்னார்குடியில ஒரு சாயங்காலம் கூடி பேசுனாங்க. அதுல கடைசியா மொய் எழுதுற அண்ணன் பேசுனது இது. பேசுன மாதிரியே டைப் பண்ணிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மைக்க கொஞ்சம் எறக்குப்பா, எனக்கு முன்னாடி பேசுன தம்பி பனைமரம் மாதிரி இருந்தாரு. ஆங், போதும்.

எனக்கு முன்னாடி எட்டு பேரு பேசிட்டாங்க. கேட்டுக்கிட்டே இருந்தேன், எனக்கு ஒரே ஆச்சரியம், எட்டு பேரும் எட்டு கச்சேரிக்கு போயிட்டு வந்திருக்காங்க. ஒருத்தரு மழையில நனைஞ்சுக்கிட்டே ஆடுனோங்கறாரு, இன்னொரு தம்பி நல்ல நெலா வெளிச்சம்ங்குது, அந்த பாப்பா மொத பாட்டுலயே அழுதுட்டேன்னு சொல்லுச்சு, அதுக்கு அடுத்து பேசுனவரு மொத பாட்டு கேக்கவே இல்ல, மைக்கு வேலை செய்யலங்கறாரு. நான் யாரையும் பொய்யின்னு சொல்லல. ஆனா என்கிட்ட நோட்டு இருக்கு. (சிரிப்பு)

நான் யாருன்னு தெரியாதவங்களுக்கு சொல்லிடுறேன், நான் பாடுறவனும் இல்ல வாசிக்கிறவனும் இல்ல, முப்பது வருஷமா கல்யாணம் காதுகுத்துல மொய் எழுதுறவன். அன்னைக்கும் கேட்டு ஓரமா டேபிள் போட்டு, மேடைக்கு முதுக காட்டிக்கிட்டு தான் உக்காந்திருந்தேன். அதனால கச்சேரிய நான் பாக்கவே இல்ல, கேட்டேன், அதுவும் முதுகால கேட்டேன்.

புயல பத்தி நான் புதுசா சொல்ல வேணாம், 2018 நவம்பர் 16 விடியக்காலம் இங்க இருக்குற எல்லாரும் முழிச்சுக்கிட்டு தான் இருந்தோம். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை ஏறி மேக்கால போச்சு. மொதல்ல வடக்கேர்ந்து அடிச்சுது, அப்புறம் கொஞ்ச நேரம் கப்சிப், அட ஓஞ்சுருச்சுன்னு கதவ தெறந்து வெளிய வந்தவன எல்லாம் தெக்கேர்ந்து வந்து அடிச்சுது. மொத அடியில சாயாம நின்ன தென்னை எல்லாம் ரெண்டாவது அடியில போச்சு. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் போய் பாத்தவங்களுக்கு தெரியும், தோப்புங்கற பேருல வானம் தான் இருந்துச்சு. நெல்லு போனா அடுத்த போகம் இருக்கு. தென்னை போனா ஆறு வருஷம் ஏழு வருஷம், அதுவும் கன்னு வச்சு தண்ணி ஊத்தி காவ காத்தா.

கரண்ட் கம்பம் லட்சத்துக்கு மேல விழுந்துச்சு. சில ஊர்ல வாரக்கணக்கா இருட்டு. அந்த இருட்டுல தான் இந்த பசங்க பேண்டு பெருசா ஆச்சுன்னு நான் சொல்லுவேன், ஏன்னா டிவி இல்ல போன்ல சார்ஜ் இல்ல, ரைஸ்மில்லு குடோன்ல இவனுங்க கரண்ட் இல்லாம வெறும் கட்ட கிட்டாரு வச்சுக்கிட்டு ப்ராக்டிஸ் பண்றத கேக்க சனம் வந்து வாசல்ல உக்காந்துச்சு. அதுக்கு முன்னாடி மில்லு ஓடுற சத்தத்துல இவனுங்க சத்தம் கேக்காதுங்கறதுக்காகவே அந்த குடோன புடிச்சிருந்தானுங்க, இப்ப மில்லு ஓடல, மாட்டிக்கிட்டானுங்க.

நாலு பேரு. பாடுற தம்பி இப்ப சிங்கப்பூர்ல இருக்கான், பேரு சொல்ல வேணாம்னு போன்லயே சொல்லிட்டான், நானும் சொல்லல. எங்க தெரு பெரியவரு ஒருத்தரு அவன்கிட்ட கேட்டாரு, "என்ன கச்சேரிடா போடப்போறீங்க?" "ராக்கு தாத்தா." "அப்படின்னா?" "கத்துவோம் தாத்தா." பெரியவரு கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "தாளத்துல கத்துவீங்களா?"ன்னாரு. அவ்ளோதான், பர்மிஷன் குடுத்துட்டாரு. கவர்மெண்ட் பர்மிஷனுக்கு தான் மூணு நாள் அலைஞ்சோம், அந்த கத வேணாம்.

அப்ப வேற சிலரு வெள்ளைக்காரன் பாட்டு நம்ம மண்ணுக்கு எதுக்குன்னு பேசுனாங்க. அவங்களுக்கு அன்னைக்கு சொல்ல நேரம் இல்ல, இப்ப சொல்றேன். இது தஞ்சாவூர் சீமை சார். சரபோஜி மன்னர் அரண்மனையிலேயே இங்கிலீஷ் பேண்டு வாசிச்சுது, இருநூறு வருஷம் ஆச்சு. திருவாரூர்ல பொறந்த முத்துசாமி தீட்சிதர் பேண்டுக்காரங்க வாசிச்ச மெட்டுக்கு சமஸ்கிருதத்துல சாகித்யம், அதான் பாட்டு வரி, எழுதுனாரு, நோட்டு ஸ்வரம்னு அதுக்கு பேரு, அதுல ஒன்னு இங்கிலாந்து ராஜாவ வாழ்த்துற பாட்டு மெட்டு. தஞ்சை நால்வர்னு அண்ணன் தம்பி நாலு வித்வானுங்க, அதுல வடிவேலு வயலின எடுத்து நம்ம வாத்தியமாவே ஆக்கிட்டாரு. இன்னைக்கும் கல்யாணத்துல நாயனக்காரர்கிட்ட இங்கிலீஷ் நோட்டு வாசிங்கன்னு கேக்குறோம்ல? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வெட்டிக்கிட்டு நீள கோட்டு போட்டு வந்து மணிக்கணக்கா தோடி ராகம் வாசிச்சப்ப சனம் விடிய விடிய நின்னுச்சுன்னு எங்க அப்பா சொல்லுவாரு, அவர ராக் ஸ்டார்னு சொல்லாம வேற யார சொல்றது.

சரி மொய்க்கு வர்றேன், அது தான் எனக்கு தெரிஞ்ச விஷயம்.

பசங்க மொதல்ல டிக்கெட் போடலாம்னாங்க. மில்லு ஓனரு சொன்னாரு, டிக்கெட் போட்டா ஒருத்தனும் வரமாட்டான், மொய் நோட்டு போடுங்கடான்னு. ஆளுங்க வரட்டும், முடிஞ்சத எழுதட்டும். அப்புறம் தான் என்னைய கூப்புட்டாங்க. வெளியூர்காரங்களுக்கு சொல்றேன், பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி ஆவணியில மொய் விருந்து வைப்பாங்க, பத்திரிக்கை அடிச்சு கறி சோறு போட்டு, வர்றவங்க பணம் எழுதிட்டு போவாங்க. வட்டி கிடையாது, பாண்டு பத்திரம் கிடையாது, நோட்டு தான். ஆனா அது தானம் இல்ல, ஒருத்தன் எனக்கு ஆயிரம் எழுதிருந்தா அவன் விருந்து வைக்கிறப்ப நான் அதையும் மேல கொஞ்சம் சேர்த்தும் எழுதியே ஆகணும். எழுதலன்னா ஊர்ல தலை காட்ட முடியாது. கஜாவுக்கு அப்புறம் அந்த விருந்தும் படுத்துடுச்சு, அங்க பணம்னா தேங்கா தானே.

எனக்கு அப்ப ஒரு சந்தேகம். நிவாரண கச்சேரியில எழுதுறது மொய்யா, நன்கொடையா? நன்கொடைன்னா ரசீது போதும். மொய்யின்னா யாரு திருப்பி செய்றது? அந்த பாடுற தம்பிகிட்ட கேட்டேன். அவன் சிரிச்சுட்டு ஒரு ரெக்கார்டு போட்டு காட்டுனான். 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க்ல பங்களாதேஷுக்காக நடந்த கச்சேரி, ஒரே நாள்ல ரெண்டு ஷோ. பீட்டில்ஸ் பேண்டுல இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் நம்ம சித்தார் ரவிசங்கரும் சேர்ந்து ஏற்பாடு பண்ணது. அங்கயும் பாருங்க, பின்னாடி ஒரு புயல், அதுவும் நவம்பர், 1970, மூணு லட்சத்துக்கு மேல செத்து போனாங்க. அதுக்கு மேல போரு, அகதிங்க. ரவிசங்கரும், சரோட் வாசிக்கிற அலி அக்பர் கானும், தபலா அல்லா ரக்காவும் உக்காந்து சுதி சேக்குறாங்க, ஒரு நிமிஷம் ஒன்றரை நிமிஷம், கூட்டம் அத பாட்டுன்னு நெனச்சு கை தட்டிருச்சு. ரவிசங்கரும் சிரிச்சுக்கிட்டு சுதிக்கே இவ்ளோன்னா பாட்டும் புடிக்கும்ங்கற மாதிரி சொல்றாரு.

ஆனா எனக்கு பாட்ட விட கணக்கு தான் மண்டையில ஏறுச்சு. ரெண்டு ஷோவுலயும் சேர்த்து ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் டாலருக்கு மேல வசூல், அது ஐ.நா.வோட குழந்தைங்க அமைப்பு யுனிசெஃப்புக்கு போயிருச்சு. அப்புறம் ரெக்கார்டு, படம்னு வந்த பெரிய காசு மாட்டிக்கிச்சு, முன்கூட்டியே முறையா எழுதி வைக்கலன்னு அமெரிக்க வரி டிபார்ட்மெண்ட் புடிச்சுக்கிச்சு, பல வருஷம் கெடந்துச்சு. பாத்தீங்களா? நோட்டு போடாததால வந்த வினை. அங்க எங்கள மாதிரி ஒரு ஆள கேட்டுல உக்கார வச்சிருக்கணும். (சிரிப்பு, கைதட்டல்) அப்புறம் 1985ல லைவ் எய்ட்னு ஒன்னு லண்டன்லயும் பிலடெல்பியாவுலயும் ஒரே நாள்ல நடந்துச்சாம், அது எத்தியோப்பியா பஞ்சத்துக்கு, அத விடுங்க, அவ்ளோ பெரிய நோட்டு நான் எழுதுனதில்ல.

நம்ம கச்சேரி தை மாசம், பொங்கல் கழிச்சு. அதே தையில திருவையாத்துல தியாகராஜர் ஆராதனை, அத்தனை வித்வானும் காசு வாங்காம பாடுவாங்க, அதனால காசு வாங்காம வாசிக்கிறது நமக்கு ஒன்னும் புதுசு இல்ல. ஸ்பீக்கர் காரரு மட்டும் டீசல் காசு குடுத்துருங்கன்னாரு, நியாயம் தான், ஜெனரேட்டர் பாட்டு கேட்டு ஓடாது. ராத்திரி பத்து மணிக்கு மைக்க நிறுத்தியாகணும், சட்டம். ஏழுக்கு ஆரம்பிக்கணும்னு சொல்லி ஏழே முக்காலுக்கு ஆரம்பிச்சானுங்க.

இப்ப நோட்ட தெறக்குறேன். மொத பக்கத்துல மஞ்சள் வச்சிருக்கேன், பழக்க தோஷம். மழை பேஞ்சுதுன்னு சொன்ன அண்ணே, இங்க பாருங்க, நான் எழுதுறது இங்க் பேனா, ஒரு சொட்டு விழுந்தாலும் கலைஞ்சிரும், நோட்டு சுத்தமா இருக்கு. நீங்க நனைஞ்சது தை பனிண்ணே. அன்னைக்கு பனி அப்படி, லைட்டு வெளிச்சத்துல மழை மாதிரி தான் தெரிஞ்சிருக்கும், நீங்க சொன்னதும் சரிதான்.

நாலாம் பக்கம். ஒரு சின்ன பையன், அஞ்சு ரூபா. பேர கேட்டா சொல்லல, ஓடிட்டான், 'சைக்கிள் பையன்'னு எழுதிருக்கேன். ஒரு அம்மா காசு இல்ல, அரை மூட்ட அரிசி, ரேஷன் அரிசி இல்லீங்க, வீட்டு அரிசின்னு அழுத்தி சொல்லி எழுத சொன்னாங்க. வெளி மாவட்டத்துலேர்ந்து வந்து வயக்காட்டு லைன் இழுத்துக்கிட்டு இருந்த ஈபிகாரர் ஒருத்தரு, இருநூறு. நான் சொன்னேன், சார் நீங்க எங்களுக்கு லைட்டு குடுத்தீங்க, நீங்க எழுத கூடாதுன்னு. "பாட்டு கேட்டேன்ல, எழுதுங்க"ன்னாரு.

இப்ப பதினோராம் பக்கத்த பாருங்க, முன்னாடி வாங்க தம்பி, பாருங்க. கையெழுத்து கோணிக்கிட்டு போகுதா? முப்பது வருஷத்துல என் கையெழுத்து கோணுனது இந்த ஒரு பக்கம் தான்.

நீங்க எட்டு பேரும் சண்ட போட்டீங்களே, தவிலு எத்தன பாட்டுக்கு வாசிச்சுதுன்னு, அது இந்த பக்கம். டிரம்ஸ் வாசிச்ச பையனோட கால் பெடலு உடைஞ்சு போச்சு. பாட்டு நின்னுருச்சு, கூட்டம் கத்துது, எனக்கு முதுகுல தெரியுது ஏதோ ஆச்சுன்னு. அந்த பையனோட அப்பா தவில் வித்வான், மவன் இந்த கழுதைய தூக்கிக்கிட்டு அலையுறான்னு ரெண்டு வருஷமா பேச்சு வார்த்த இல்ல, ஆனா அன்னைக்கு ஒரு முகூர்த்தம் முடிச்சுட்டு வண்டியில தவில கட்டிக்கிட்டு வந்து கேட்டு ஓரமா, என் டேபிளுக்கு பக்கத்துல தான் நின்னுக்கிட்டு இருந்தாரு. உள்ள போகவும் இல்ல, வீட்டுக்கு போகவும் இல்ல. நூத்தியொன்னு எழுதுனாரு. பெடலு உடைஞ்சதும் என்னைய ஒரு பார்வ பாத்தாரு, நான் ஒன்னும் சொல்லல. போய் தவில அவுத்துக்கிட்டு நேரா மேடைக்கு போயிட்டாரு.

அப்புறம் வந்துச்சு பாருங்க சத்தம். பெடல் போட வேண்டிய எடத்துல தவிலோட தொப்பி பக்கம் கழி விழுது, ஸ்பீக்கர் பாக்ஸ் ஒன்னு எனக்கு பின்னாடி பத்தடியில, டேபிள் ஆடுது, இங்க் புட்டி நகருது. அப்பனும் மவனும் ஒருத்தர ஒருத்தர் விடல. எத்தன பாட்டுன்னா, கோணல் கையெழுத்து பதினோராம் பக்கத்துல ஆரம்பிச்சு பதினாலாம் பக்கம் பாதியில நிக்குது. பக்கத்துக்கு இருவது பேரு, அந்த நேரத்துல கூட்டம் நெருக்கி எழுதுச்சு, ஒரு மூணு பாட்டு இருக்கும். இதுக்கு மேல சண்ட வேணாம்.

பத்து அடிக்க ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடி நிறுத்துனாங்க. அன்னைக்கு ராத்திரியே மேடையில நின்னு நோட்ட நான் மைக்ல படிச்சேன், பேரு, ஊரு, தொகை. பாதி சனம் போயிருச்சு, மீதி சனம் உக்காந்து கேட்டுச்சு. டீசல் காசு போக மிச்சத்துக்கு தார்பாயும் தென்னங்கன்னும் வாங்குனோம். கன்னு முத்துப்பேட்டைக்கு உள்ள ஒரு ஊருக்கு குடுத்தோம், பசங்களே லோடு வண்டியில ஏத்திக்கிட்டு போய் குழி தோண்டி வச்சுட்டு வந்தானுங்க, கிட்டாரு புடிச்ச கையெல்லாம் கொப்புளம்.

போன வாரம், இந்த கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிச்ச மறுநாள், என் பிரஸ் வாசல்ல ஒரு எக்ஸ்எல் வண்டி வந்து நின்னுச்சு. பின்னாடி ரெண்டு சாக்கு. எறங்குனவரு என்னைய விட வயசுல பெரியவரு, அந்த ஊர்க்காரரு. கன்னு காய்க்க ஆரம்பிச்சுருச்சாம். மொத வெட்டு சாமிக்கு போட்டாச்சு, ரெண்டாவது வெட்டு உங்களுக்குன்னாரு. நான் சொன்னேன், ஐயா அது நிவாரணம்யா, திருப்பி தர வேணாம்னு. அவருக்கு கோவம் வந்துருச்சு. "நோட்டு போட்டு தானே வாங்குனீங்க? மைக்ல படிச்சீங்கல்ல? அப்ப அது மொய் தானே? எழுதுங்க"ன்னாரு.

எழுதிட்டேன். அதே நோட்டுல, கடைசி பேருக்கு கீழ ஒரு கோடு போட்டு, நூத்தி நாப்பது காய், வரவு.

சாக்கு ரெண்டும் வெளிய திண்ணையில இருக்கு. வர்றவங்க எல்லாரும் போறப்ப ஆளுக்கு ஒரு காய் எடுத்துக்குங்க, சைக்கிள் பையன் யாருன்னு இந்த கூட்டத்துல இருந்தா ரெண்டா எடுத்துக்க, அஞ்சு ரூபாய்க்கு மேல கொஞ்சம் சேர்த்து. சிங்கப்பூர் தம்பிக்கு உள்ளத மட்டை உரிக்காம என் வீட்டு கொல்லையில போட்டு வச்சிருக்கேன், அவன் வர்றதுக்குள்ள மொளச்சாலும் மொளச்சிரும், நான் என்ன பண்றது. எடுக்குறவங்க நோட்டுல கையெழுத்து போட்டுட்டு எடுங்க. பேனா கேட்டுல கட்டி வச்சிருக்கு, யாரும் தூக்கிட்டு போயிடாதீங்க.