புல்லும் கப்பலும்

வணக்கம் நேயர்களே.

டாஸ்மேனியாவைப் பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்தபோது, மலையையும் கடற்கரையையும் பற்றிச் சொல்வேன் என்று நிலையத்தார் நினைத்திருக்கலாம். அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் மாட்டு டாக்டர். அந்தப் பக்கம் ஆறு ஆண்டு வேலை பார்த்தவன். எனக்கு நன்றாகத் தெரிந்தது மாட்டின் பின்பக்கம்தான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மார்ச், ஏப்ரல் மாதங்கள் அங்கே இலையுதிர் காலம். ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சமயத்தில் டாஸ்மேனியாவைச் சேர்ந்த கிங் தீவுக்குப் போவேன். சினைப் பரிசோதனை வேலை. குறுகலான இரும்புச் சந்துக்குள் மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சந்தின் முடிவில் ஒரு கூண்டு இருக்கும், 'கிரஷ்' என்பார்கள். தோள் வரைக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, கையை உள்ளே விட்டுக் கருப்பையைத் தடவிப் பார்த்து, சினையா இல்லையா, சினை என்றால் எத்தனை வாரம் என்று உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு மாடு சாதாரணம். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் கரண்டி பிடிக்கக்கூட விரல் மடங்காது.

சினை மாடு மேய்ச்சலுக்குத் திரும்பிவிடும். சினை இல்லாவிட்டால் 'எம்ப்டி' என்று சொல்வேன். சொன்னதும் பண்ணைக்காரர் அதன் முதுகில் சாயத்தால் ஒரு கோடு இழுப்பார். கோடு விழுந்த மாடு கப்பலேறி இறைச்சிக்குப் போகும்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் மாட்டிறைச்சியைத் தொடாதவர்கள் இருப்பீர்கள், விரும்பிச் சாப்பிடுகிறவர்களும் இருப்பீர்கள். நான் எந்தக் கட்சி என்று இங்கே சொல்வதாக இல்லை. என் அம்மாவும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒரு சொல்லில் ஒரு மாட்டின் கதை முடிகிறதே என்று முதல் ஆண்டு எனக்கு உறுத்தல்தான். அப்புறம்தான் கணக்குப் புரிந்தது. அக்டோபர், நவம்பரில் பொலிகாளைகளை மந்தைக்குள் விடுகிறார்கள். ஒன்பது மாதம் சொச்சம் கழித்து ஆகஸ்ட் வாக்கில் கன்று விழுகிறது. குளிர் விலகி வசந்தப் புல் கிளம்பும் நேரம் அது. தாய்க்குப் பால் சுரக்க எப்போது தீனி அதிகம் வேண்டுமோ, அப்போது நிலம் பச்சையாக இருக்கும். தீனி மூட்டையை விலைக்கு வாங்காமல் புல்லை மட்டும் நம்பி மாடு வளர்க்கிறவனுக்கு இந்தப் பொருத்தம்தான் முதல். சினை நிற்காத மாடு ஓர் ஆண்டுப் புல்லைத் தின்றுவிட்டுக் கன்று தராமல் நிற்கும். அந்தப் புல் வேறொரு மாட்டின் வாயிலிருந்து பிடுங்கியது.

சரி, இந்தத் தீவு எங்கே இருக்கிறது? டாஸ்மேனியாவுக்கும் ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் நடுவே பாஸ் நீரிணை. அதன் மேற்கு வாயிலில் காவலுக்கு நிற்கிற மாதிரி கிங் தீவு. வடக்கிலிருந்து தெற்கே 64 கிலோமீட்டர், அகலம் 26. மக்கள் சுமார் 1,600 பேர். பள்ளிப் புவியியலில் 'கர்ஜிக்கும் நாற்பதுகள்' என்று பலத்த மேற்குக் காற்றைப் பற்றிப் படித்திருப்பீர்களே, அந்த 40 பாகை தென் அட்சக்கோடு இந்தத் தீவின் மேலேயே ஓடுகிறது. புத்தகத்தில் படித்தபோது மதிப்பெண்ணுக்கான ஒரு வரி. அங்கே போய் இறங்கினால் கார்க் கதவைத் திறக்க இரண்டு கை வேண்டும். மேற்குக் கரையில் மரங்கள் எல்லாம் கிழக்கே சாய்ந்து, தலை வாரி விட்டது போல் நிற்கும்.

அந்தக் காற்றுக்குப் பலியான கப்பல்கள் அநேகம். 1845 ஆகஸ்டில் 'கட்டராக்கி' என்ற கப்பல் இங்கிலாந்திலிருந்து குடியேற வந்தவர்களை ஏற்றிக்கொண்டு வந்து இந்தப் பாறைகளில் மோதியது. சுமார் 400 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் ஒன்பது பேர். பின்னால் 1861-இல் வடமுனையில் விக்கம் முனைக் கலங்கரை விளக்கம் எழுந்தது. 48 மீட்டர் உயரம், ஆஸ்திரேலியாவிலேயே உயரமானது.

தீவுக்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள். உடைந்த கப்பல்களிலிருந்து வைக்கோல் மெத்தைகள் கரை ஒதுங்கினவாம். வைக்கோலோடு ஒட்டியிருந்த விதைகள் மணலில் முளைத்து, அதிலிருந்து வந்ததாம் இந்தத் தீவின் நல்ல புல். எவ்வளவு உண்மையோ, எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். செத்தவர்கள் படுத்திருந்த மெத்தையில் முளைத்த புல் என்று யோசித்தால் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். அவர்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றுவார்கள்.

கதை எப்படியானாலும், புல் தானாக வந்துவிடவில்லை. கடலோர மணல் நிலத்தில் செம்பும் கோபால்ட்டும் குறைவு. புல் பச்சையாக இருக்கும், மாடு வயிறு நிறையத் தின்னும், ஆனாலும் இளைத்துக்கொண்டே போகும். இந்தச் சத்துகளைக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் மந்தைகள் தேறின. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய படைவீரர்களுக்கு இங்கே பண்ணைகள் ஒதுக்கினார்கள். புதர் வெட்டி, வேலி போட்டு, ரைகிராஸ், குளோவர் என்னும் தீவனப் பயிர்களை விதைத்தவர்களின் பேரப்பிள்ளைகளை இன்றும் அந்தப் பண்ணைகளில் பார்க்கலாம்.

இன்னொரு தீனி கடலிலிருந்து வருகிறது. புயல் அடித்த மறுநாள் மேற்குக் கரையில் கெல்ப் என்னும் தடித்த கடற்பாசி தோல்பட்டை மாதிரி மலையாகக் குவிந்து கிடக்கும். டிராக்டரில் போய் அதை அள்ளி வந்து, கொடியில் காயப் போட்டு ஸ்காட்லாந்துக்கு அனுப்புவது அங்கே ஒரு தொழில். ஐஸ்கிரீம் போன்றவற்றைக் கெட்டியாக்கும் ஆல்ஜினேட் அதிலிருந்து எடுக்கிறார்கள். கடற்கரை வரைக்கும் மேய்ச்சல் உள்ள பண்ணைகளில் மாடுகளே இறங்கிப் போய் அதைக் கடித்துக்கொண்டிருக்கும். கறுத்த ஆங்கஸ் மாடு ஒன்று வாயோரத்தில் பாசி தொங்க அலையைப் பார்த்து அசைபோடுவதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

டாஸ்மேனியா முழுவதும் மாடுகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் போடத் தடை உண்டு. கடையில் அந்த இறைச்சிக்கு நல்ல பெயர் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பண்ணைக்காரருக்கு அதன் அர்த்தம் வேறு. மாடு எடை கட்ட நாள் கூடுதலாகும், அதாவது புல் கூடுதலாக வேண்டும். மறுபடியும் புல்லிலேயே வந்து நிற்கிறோம்.

இனி கப்பல். தீவின் துறைமுகத்துக்குக் கிராஸி என்று பெயர். 'புல் நிறைந்த இடம்' என்றுதான் அர்த்தம். ஆனால் துறைமுகத்தைக் கட்டியது புல்லுக்காக அல்ல, பக்கத்திலிருந்த ஷீலைட் சுரங்கத்துக்காக. ஷீலைட்டிலிருந்துதான் டங்ஸ்டன் எடுப்பார்கள். 1990-இல் சுரங்கத்தை மூடினார்கள். ஊர் பாதி காலியானது. துறைமுகம் மட்டும் மாட்டுக்கு மிஞ்சியது.

2012 வரை தீவிலேயே ஓர் இறைச்சிக்கூடம் இருந்தது. மாடு பண்ணையிலிருந்து அரை மணி நேரத்தில் அங்கே போய்விடும். தீவை விட்டுக் கிளம்புவது பெட்டியில் அடைத்த இறைச்சி. அந்த ஆண்டு அதையும் மூடிவிட்டார்கள். வேலை போன குடும்பங்களில் சில தீவை விட்டே போயின. அதிலிருந்து மாடு உயிரோடு கடல் தாண்டுகிறது. பட்டியில் அடைத்து, லாரியில் ஏற்றி, கப்பலில் ஏற்றி, டாஸ்மேனியாவின் வடகரையில் இறக்கி, மறுபடி லாரி. வழியில் எடை குறையும். அது போகட்டும். அலைக்கழிந்த மாட்டின் தசையில் இருக்கிற சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்துவிடும். அந்த நிலையில் வெட்டினால் இறைச்சி கறுத்துப்போகும், விலை இறங்கும். இரண்டரை ஆண்டு பார்த்துப் பார்த்து வளர்த்ததன் மதிப்பு கடலில் ஒரே ராத்திரியில் குறைந்துபோகலாம். கப்பல் சேவையும் நிலையாக இருந்ததில்லை. 2017-இல் மாநில அரசின் துறைமுக நிறுவனமே முன்வந்து கப்பல் விட வேண்டியதாயிற்று.

அதனால் அந்த ஊரில் வானிலை அறிக்கை கேட்பதே வேறு மாதிரி. மழை வருமா என்று கேட்டு முடித்ததும் அலை எத்தனை மீட்டர் என்று கேட்பார்கள். கப்பல் வராவிட்டால் மாடு போகாது, உரம் வராது, கடையில் அலமாரித் தட்டு காலியாகும்.

நான் கடைசியாகப் போனது 2024-இல். முந்தைய ஆண்டின் இறுதியிலிருந்தே மழை பொய்த்திருந்தது. ஆண்டுக்கு 800, 900 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவு அது. மாரி முழுக்கச் சேற்றைத் திட்டுகிற ஊர். அன்றைக்கு விமானம் தாழப் பறந்தபோது கீழே தெரிந்தது காய்ந்த பாய் நிறம். பண்ணைக்காரர்கள் என்னிடம் 'எம்ப்டி' மட்டும் போதாது, பிந்தி ஈனக்கூடியவற்றையும் சொல்லிவிடு என்றார்கள். அவற்றின் முதுகிலும் கோடு. கோடு போட்டு என்ன பயன்? எல்லோரும் ஒரே சமயத்தில் மாட்டைக் குறைக்கப் பார்க்கிறார்கள், கப்பலில் இடம் இல்லை. விற்றுப்போன மாடு விற்கப்படாத மாட்டின் புல்லைத் தின்றபடி பட்டியில் காத்துக் கிடந்தது. எதிர்த் திசையில், வெளியிலிருந்து நன்கொடையாக வந்த உலர்புல் கட்டுகள் அதே கப்பல்களில் வந்து இறங்கின. புல்லுக்குப் பெயர்போன தீவுக்குக் கப்பலில் புல்.

எழுபது தாண்டிய ஓர் அம்மாவின் பண்ணையில் அன்று வேலை. எண்ணிக்கொண்டிருந்த அவர் பாதியில் நிறுத்திவிட்டார். வரிசையில் நின்றது வயதான ஒரு ஹெர்போர்டு மாடு. ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் ஈன்றது, அந்த முறை சினை இல்லை. நான் சொன்னேன். அவர் சாயக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "டாக், நீ இன்னொரு தடவை பாரேன்" என்றார். பார்த்தேன். மாற்றமில்லை. கோடு போட்டுவிட்டு, "அடுத்தது" என்றார்.

அன்று சனிக்கிழமை. வேலை முடிந்ததும் எல்லோரும் கால்பந்து மைதானத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து. தீவின் லீக்கில் மொத்தமே மூன்று அணிகள்: கரி, கிராஸி, நார்த். வாரம் ஒரு ஆட்டம், மூன்றாவது அணிக்கு ஓய்வு. ஓய்வில் இருக்கிறவர்கள் வந்து இரண்டு பக்கத்தையும் திட்டுவார்கள். ஒரே மூன்று அணி திரும்பத் திரும்ப மோதினால் சலிக்காதா என்று கேட்டேன். "உங்கள் ஊரில் சொந்தக்காரர்கள் எத்தனை பேர்? அவர்களோடு சண்டை சலிக்கிறதா?" என்றார் ஒருவர். பதில் சொல்ல முடியவில்லை. சுரங்கம் போன பிறகும் கிராஸி தன் அணியை விடவில்லை என்பதை அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

1,600 பேர் உள்ள இடத்தில் ஓர் ஆளுக்கு ஒரு வேலை என்பது கட்டுப்படியாகாது. காலையில் எனக்காகக் கிரஷ் கதவைப் பிடித்தவர் தீயணைப்புத் தொண்டர். அவர் மனைவி ஆம்புலன்ஸ் தொண்டர். சிறிய மருத்துவமனை ஒன்று உண்டு, ஆனால் பிரசவத்துக்குத் தாய்மார் சில வாரம் முன்பே கடல் தாண்டிப் போய்விட வேண்டும். கோடையில் குதிரைப் பந்தயம் நடக்கும். அப்போது இதே ஆட்களை டிக்கெட் கிழிக்கும் இடத்தில் பார்க்கலாம். சாலையில் எதிரே வரும் ஒவ்வொரு வண்டியிலிருந்தும் ஸ்டீயரிங்மேல் ஒரு விரல் உயரும். பதிலுக்கு விரல் தூக்காவிட்டால் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும், டாக்டருக்கு என்ன கோபமாம் என்று.

இதையெல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அதே பார்வை உங்களை விடாமல் துரத்தவும் செய்யும். நான் எந்தக் கடையில் எத்தனை மிளகாய் வாங்கினேன் என்பதுகூடப் பேச்சாகியிருக்கிறது.

திரும்பும் நாள். இருபது பேர்கூட ஏற முடியாத சின்ன விமானம். விமான நிலையத்தில் அந்த அம்மாவின் மகன் காத்திருந்தான். கையில் ஒரு பொட்டலம்: டிராக்டரின் உடைந்த பம்பு. டாஸ்மேனியாவின் வடகரை ஊரான வின்யார்டில் இறங்கியதும் மெக்கானிக் வந்து வாங்கிக்கொள்வார் என்றான். இன்னொருவர் ஓர் உறை கொடுத்தார், பேத்திக்குப் பிறந்தநாள். மூன்றாவது ஆள் மூக்குக்கண்ணாடி கொடுத்தார், கம்பி உடைந்தது. தீவிலிருந்து கிளம்புகிற ஆளை வெறுங்கையோடு விட மாட்டார்கள். ஆறு ஆண்டில் நான் எடுத்துப் போன சாமான்களைச் சேர்த்தால் ஒரு லாரி நிறையும்.

வின்யார்டில் மெக்கானிக் நின்றிருந்தார். பொட்டலத்தை வாங்கிக் கையில் எடை பார்த்தார். பம்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அங்கே மேகம் ஏதாவது தெரிந்ததா?" என்றார்.

தெற்கே கொஞ்சம் தெரிந்தது என்றேன்.

நன்றி, வணக்கம்.