பெயர் சொல்லப்படாத ஐசுவரியவான்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,

சில வருஷங்களுக்கு முன் ஒரு தாய் என்னைப் பார்க்க வந்தார்கள். கைபேசியில் ஒரு சாட்சியை ஓடவிட்டு என் முன்னால் நீட்டினார்கள். தான் மரித்து, நரகத்தைக் கண்டு, திரும்பி வந்ததாக ஒருவர் அதில் பேசிக்கொண்டிருந்தார். இன்ன பாவம் செய்தவர்கள் இந்தப் பக்கம், இன்னார் அந்தப் பக்கம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய இடத்தில் அந்தத் தாய் நிறுத்திவிட்டார்கள். அவர்களுடைய மகன் அப்படிப் போனவன். "ஐயா, இவர் பார்த்த கூட்டத்தில் என் பிள்ளையும் இருந்திருப்பானா?" கேட்டுக்கொண்டே முந்தானையால் கைபேசியின் திரையைத் துடைத்தார்கள். அதன்மேல் கண்ணீர் விழுந்திருந்தது.

நரக சாட்சிகளைப் பற்றி இன்று உங்களிடம் பேச வந்ததற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நரகம் உண்டென்று நான் விசுவாசிக்கிறேன். என் ஆண்டவர் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்? எருசலேமுக்குத் தெற்கே இன்னோம் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே ஜனங்கள் தங்கள் பிள்ளைகளையே அக்கினியில் தகனித்தார்கள் என்று எரேமியா அழுகிறார். யோசியா ராஜா அந்த இடத்தைத் தீட்டாக்கிப்போட்டான். அந்தப் பள்ளத்தாக்கின் பெயரிலிருந்துதான் 'கெகன்னா' என்ற சொல் வந்தது. நம் வேதாகமத்தில் அதை நரகம் என்று வாசிக்கிறோம். புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் 12 இடங்களில் வருகிறது. யாக்கோபு ஒருமுறை எழுதுகிறார். மற்ற 11-ம் இயேசுவின் வாயிலிருந்து வந்தவை.

ஆனால் அவர் அதை யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். மலைப்பிரசங்கத்தில் சீஷர்களிடம் சொன்னார். "என் சிநேகிதராகிய உங்களுக்கு" என்று தொடங்கிச் சொன்னார். வேதபாரகரிடமும் பரிசேயரிடமும் சொன்னார். ஆயக்காரனிடமோ, அவர் பாதத்தைக் கண்ணீரால் நனைத்த அந்த ஸ்திரீயிடமோ அந்தச் சொல்லைச் சொன்னதாக ஒரு வசனம்கூட இல்லை. நாமோ தலைகீழாகச் செய்கிறோம். வெளியே இருப்பவனுக்கு நரகத்தைக் காட்டிவிட்டு, சபைக்குள் நிம்மதியாக உட்கார்ந்துகொள்கிறோம்.

அந்தத் தாயும் நானும் லூக்கா 16-ஐ வாசித்தோம். ஓர் ஐசுவரியவானும் அவன் வாசலில் கிடந்த தரித்திரனும் மரித்தபின் என்ன ஆனார்கள் என்று இயேசு சொன்ன பகுதி அது. நூறு முறை பிரசங்கித்த பகுதிதான். அன்றைக்குத்தான் ஒன்று என் கண்ணில் பட்டது. வாசலில் பருக்கள் நிறைந்தவனாய்க் கிடந்த தரித்திரனுக்குப் பெயர் உண்டு, லாசரு. வேதனைப்படுகிற ஐசுவரியவானுக்கோ பெயர் இல்லை. அவனுடைய உடையின் நிறம் தெரியும், சாப்பாட்டின் செழிப்பு தெரியும், சகோதரர் ஐந்து பேர் என்று கணக்கும் தெரியும். பெயரை மட்டும் இயேசு சொல்லவில்லை. எல்லாம் அறிந்த அவரே ஒருவனுடைய பெயரையும் அங்கே வைத்துச் சொல்லாதபோது, இன்னாரைப் பார்த்தேன் என்று பட்டியல் வாசிக்கிற துணிவு நமக்கு எங்கிருந்து வந்தது?

இன்னொன்றும் அங்கே இருக்கிறது. நரகத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல ஒருவனை அனுப்பும்படி முதலில் கேட்டவன் அந்த ஐசுவரியவான்தான். தன் சகோதரர் ஐவரும் அங்கே வந்து சேராதபடிக்கு லாசருவை அனுப்பும்படி, தூரத்தில் லாசருவோடு இருந்த ஆபிரகாமிடம் கேட்கிறான். நல்ல விண்ணப்பம்தானே? ஆனாலும் ஆபிரகாம் மறுக்கிறார்: "அவர்களுக்கு மோசேயும் தீர்க்கதரிசிகளும் உண்டு, அவர்களுக்குச் செவிகொடுக்கட்டும்." வேதத்திலே வேறொரு லாசருவும் உண்டு, பெத்தானியாவின் லாசரு. நாலு நாள் கல்லறையில் இருந்து எழுந்து வந்தவன். அங்கே கண்டதாக அவன் சொன்ன ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை. பந்தியில் இயேசுவோடு உட்கார்ந்திருந்தான் என்று மட்டும் இருக்கிறது. அவனைக் கண்டு பிரதான ஆசாரியர் மனந்திரும்பினார்களா? அவனையும் கொலைசெய்ய ஆலோசனை பண்ணினார்கள்.

அப்படியானால் சாட்சிகள் எல்லாமே பொய்யா என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பொய்யும் உண்டு. பரலோகம் போய்வந்த சிறுவனின் கதை என்று 2010-இல் ஒரு புத்தகம் வந்து பெரிதாக விற்பனையானது. அந்தப் பிள்ளையே 2015-இல், தான் மரிக்கவுமில்லை, பரலோகம் போகவுமில்லை என்று வெளிப்படையாக எழுதினான். அவனுடைய தைரியத்துக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். ஆனால் என்னை முழங்காலில் நிற்கவைத்த சாட்சிகளும் உண்டு.

731-இல் முடிக்கப்பட்ட இங்கிலாந்துச் சபையின் பழைய சரித்திரம் ஒன்று திரித்தெல்ம் என்ற குடும்பஸ்தனைப் பற்றிச் சொல்கிறது. இரவில் மரித்து விடியற்காலையில் எழுந்தவன் அவன். ஒரு பக்கம் அக்கினியும் மறுபக்கம் உறைபனியுமான பள்ளத்தாக்கைக் கண்டான். எழுந்தவன் என்ன செய்தான்? சொத்தை மூன்றாகப் பிரித்தான். ஒரு பங்கு மனைவிக்கு, ஒரு பங்கு பிள்ளைகளுக்கு, ஒரு பங்கு ஏழைகளுக்கு. பிறகு மடத்தில் போய்ச் சேர்ந்தான். தான் கண்டதை எல்லாருக்கும் சொல்லித் திரியவில்லை. கேட்டுத் திருந்த மனதுள்ளவர்களுக்கு மட்டும் சொன்னான். பனிக்கட்டி மிதக்கும் ஆற்றில் நின்று ஜெபிப்பான். எப்படி இந்தக் குளிரைத் தாங்குகிறீர் என்று கேட்டால், இதைவிடப் பெரிய குளிரைக் கண்டிருக்கிறேன் என்பான். அவ்வளவுதான் அவன் பேச்சு.

ஸ்பெயின் தேசத்துக் கன்னியாஸ்திரீயான அவிலா நகரத்துத் தெரேசம்மாள், தான் கண்ட நரக தரிசனத்தைப் பற்றி 16-ஆம் நூற்றாண்டில் எழுதியதும் அப்படியே. நீண்ட குறுகிய சந்து, தரையில் நாற்றமெடுக்கும் சேறு, முடிவில் சுவரில் அலமாரிபோல ஒரு குழி. அதற்குள் தன்னைத் திணித்தது போலிருந்தது என்கிறார். ஏறக்குறைய ஆறு வருஷம் கழித்து எழுதும்போதும் உடம்பு சில்லிடுகிறது என்கிறார். அந்தக் குழி யாருக்கு? தனக்கு ஆயத்தமாக்கப்பட்டிருந்த இடம் என்கிறார். அயலாருடைய இடத்தை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தத் தரிசனத்தால் அவருக்கு வந்ததெல்லாம் ஆத்துமாக்கள்மேல் ஓர் உருக்கம். ஒரே ஆத்துமா தப்புவதற்காக எத்தனை மரணமும் சகிப்பேன் என்று எழுதினார்.

நானும் சிறுவயதில் ஒரு ஒலிநாடாவில் இப்படியொரு சாட்சியைக் கேட்டு, இரவெல்லாம் போர்வைக்குள் நடுங்கியிருக்கிறேன். மறுநாளே என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். மூன்று மாதத்தில் பயம் போயிற்று. பழைய பையன் அப்படியே இருந்தான். என்னைப் பிற்பாடு பிடித்தது சிலுவையிலிருந்து வந்த அன்பு.

அன்று அந்தத் தாயிடம் சொன்னேன்: "அம்மா, உங்கள் மகனைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. இதில் பேசுகிறவருக்கும் இல்லை. மரணத்துக்கும் பாதாளத்துக்குமுரிய திறவுகோல்கள் ஒருவர் கையில் இருக்கின்றன. அந்தக் கையில் ஆணி பாய்ந்த தழும்பு இருக்கிறது." அவர்கள் வெகுநேரம் பேசவில்லை. வேதத்தை மூடாமல், அந்த ஐந்து சகோதரர் வருகிற வசனத்தில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மெதுவாகக் கேட்டார்கள்: "ஐயா, என் பிள்ளையோடு படித்த ஒரு பையன் இருக்கிறான். அவன் போனதிலிருந்து இவன் யாரோடும் பேசுவதில்லை, அறையைவிட்டு வெளியே வருவதில்லை என்கிறார்கள். நாம் போய்ப் பார்க்கலாமா?"

அன்று சாயங்காலமே போனோம். அவர்கள்தான் கதவைத் தட்டினார்கள். திறக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.