நாக்குக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது

நண்பர்களே, வணக்கம்.

ஸ்பானிய மொழிக்காரர்கள் ஆங்கில மெய்யொலிகளோடு படும் பாட்டைத் தமிழ் மேடையில் எதற்குப் பேச வேண்டும் என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். அவர்கள் வாயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் நம் வாய் எப்படி என்பதும் புரிந்துவிடும், வந்து கேளுங்கள் என்றேன். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

'ஸ்கூல்' என்பதை அவர்கள் 'எஸ்கூல்' என்பார்கள். அவர்கள் மொழியில் 'ஸ்' ஒலியோடு இன்னொரு மெய் சேர்ந்து சொல்லின் முதலில் வராது. பள்ளி 'எஸ்குவேலா', நாடு 'எஸ்பான்யா'. இத்தாலியிலிருந்து வந்த ஸ்பகெட்டிகூட அங்கே 'எஸ்பகெத்தி' ஆகிவிட்டது. இதற்கு நாம் சிரிக்க முடியாது. 'இஸ்கூல்' என்று சொல்லும் ஊர் நம் ஊர். ராமனை இராமன் என்றும் லோகத்தை உலோகம் என்றும் முன்னால் ஓர் உயிரைக் கொடுத்து வரவேற்ற மொழி நம் மொழி.

அடுத்தது 'பி', 'வி' குழப்பம். ஸ்பானியத்தில் எழுத்து இரண்டு, ஒலி ஒன்று. பசுவுக்கு ஒரு சொல், வண்டியின் கூரைமேல் சாமான் ஏற்றும் சட்டத்துக்கு ஒரு சொல். ஒன்றை 'வி' போட்டும் மற்றதை 'பி' போட்டும் எழுதுவார்கள், காதில் விழுவதோ ஒரே 'பாக்கா'. அதனால் எழுத்துக்கூட்டும்போது "கழுதையின் பி-யா, பசுவின் வி-யா?" என்று கேட்டுக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் 'வோட்' போடப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் படகு போலக் கேட்பது இதனால்தான். கண்ணாடியில் பார்த்து மேற்பல்லைக் கீழுதட்டில் வைத்துப் பழகினால் சில நாளில் சரியாகிவிடும்.

நான் முக்கியமாகப் பேச வந்தது 'தெதோ' என்ற ஒரு ஸ்பானியச் சொல்லைப் பற்றி. விரல் என்று பொருள். இரண்டு அசையும் ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஆனால் முதலாவதில் நாக்கு பல்லின் பின்னால் ஒட்டிக் காற்றை அடைக்கிறது. இரண்டாவதில் ஒட்டாமல் நெருங்கி நிற்க, காற்று கசிகிறது. நீங்களும் 'பந்து', 'அது' என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். 'பந்து'வில் அடைப்பு, 'அது'வில் கசிவு. அந்தக் கசியும் ஒலிதான், ஏறக்குறைய, ஆங்கிலத்தில் 'அவர்கள்' என்பதற்கான 'they' என்ற சொல்லின் தொடக்கம். நாள்தோறும் நூறு முறை அதை ஒலிக்கும் ஸ்பானிய மொழிக்காரர், ஆங்கிலம் பேசும்போது மட்டும் நாக்கை ஒட்டவைத்து, அந்த 'they'-ஐ நாள் என்று பொருள்படும் 'day' ஆக்கிவிடுகிறார். நாக்குக்குத் தெரிந்தது காதுக்குத் தெரியவில்லை.

மெக்சிகோ மாணவி ஒருவரிடம் 'தெதோ'வின் இரண்டாம் அசையை நீட்டச் சொன்னேன். அழகாகக் கசிந்தது. முதல் அசையை விட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். நாக்கு போய்ப் பல்லில் மோதியது! சொல்லின் முதலில் அடைப்பதுதான் அவர் மொழியின் வழக்கம். முன்னால் ஓர் 'அ' சொல்லச் சொன்னேன். பிறகு அந்த 'அ'வை முணுமுணுக்க, பிறகு மனதுக்குள் மட்டும் நினைக்க. ஒரு வாரம் பிடித்தது.

எல்லா ஸ்பானிய மொழிக்காரருக்கும் ஒரே மருந்து என்று எழுதும் பாடநூல்களில் எனக்கு நம்பிக்கையில்லை. எந்த ஊர் என்று முதலில் கேட்க வேண்டும். மாட்ரிட்காரர் பல்லிடையே நாக்கை வைத்துத்தான் ஐந்து என்ற எண்ணையே சொல்கிறார். ஆங்கிலத்தில் 'நினை' என்பதற்கான 'திங்க்' அவருக்கு எளிது. பெரு நாட்டு லிமாக்காரர் அங்கே 'ஸ' சொல்ல, 'திங்க்' 'சிங்க்' ஆகி, நினைப்பது மூழ்குவது ஆகிவிடும். 'ஸ' சொல்ல வராமல் பல்லிடையே நாக்கை வைத்துப் பேசிய ஏதோ ஓர் அரசரைப் பார்த்து ஸ்பெயினே அப்படிப் பேசக் கற்றது என்று ஒரு கதை உண்டு. கட்டுக்கதை. அரசரைப் பார்த்துப் பழகியிருந்தால் எல்லா 'ஸ'வும் போயிருக்க வேண்டுமே! வீடு என்ற சொல்லில் 'ஸ' அப்படியே இருக்கிறது. வேட்டை என்ற சொல்லில்தான் நாக்கு வெளியே வருகிறது.

'ஷூ' என்பதைப் பலரும் 'ச்சூ' என்பார்கள். ஆனால் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ்காரர் 'நான்' என்பதையே 'ஷோ' என்கிறார். அவரிடம் 'ஷ' பாடம் நடத்துவது மீனுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பதுதான்.

ஈற்றில் வரும் 'ம்' மட்டும் பெரும்பாலோருக்குக் கைகொடுப்பதில்லை. ஆதாம் அங்கே 'ஆதான்', பெத்லகேம் 'பெலேன்', எருசலேம் 'ஹெருசலேன்'. வேதத்துப் பெயர்களுக்கே அந்தக் கதி என்றால் 'ஹோம்' எம்மாத்திரம்? சொல்லி முடித்ததும் உதட்டைத் திறக்காதீர்கள், மனதுக்குள் மூன்று எண்ணுங்கள் என்பேன். வகுப்பு மொத்தமும் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்க்கும். அந்த மூன்று வினாடிதான் அன்றைக்கு எனக்குக் கிடைக்கும் ஓய்வு.