தீமைக்கும் வல்ல சுதந்திரம்: ஷெல்லிங்கின் 1809ஆம் ஆண்டு ஆய்வு

அவையோருக்கு வணக்கம்.

எல்லாம் கடவுளுக்குள் அடக்கம் என்றால், மனிதன் செய்யும் தீமை யாருடையது? 1785இல் ஜெர்மன் சிந்தனையாளர் யாக்கோபி ஒரு பெரிய விவாதத்தைக் கிளப்பினார். பகுத்தறிவைக் கடைசிவரை பின்தொடர்ந்தால், எல்லாம் கடவுளுக்குள் அடக்கம் என்ற பழைய மெய்யியலாளர் ஸ்பினோசாவிடம்தான் போய் நிற்போம், அங்கே சுதந்திரத்துக்கு இடமில்லை என்றார். இதற்கு ஜெர்மன் மெய்யியலாளர் ஷெல்லிங் 1809இல், தம் 34ஆம் வயதில், மனித சுதந்திரத்தின் சாரம் பற்றிய ஆய்வில் பதில் சொன்னார். பொருள்களைக் கடவுளுக்குள் வைத்தது ஸ்பினோசாவின் பிழையன்று. மனித விருப்பம் உட்பட யாவற்றையும் உயிரற்ற பொருளாகவே கருதியதுதான் பிழை.

சார்ந்திருப்பதாலேயே ஒன்று தன் சுதந்திரத்தை இழந்துவிடாது. மகன் தந்தையால் பிறந்தவன். ஆனாலும் அவன் தனி மனிதன்தான்.

அடுத்த படியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எந்த உயிரிலும் அதன் இருப்பு வேறு, அந்த இருப்புக்கான அடித்தளம் வேறு என்கிறார் ஷெல்லிங். கடவுளிலும் அப்படியே. அந்த அடித்தளத்தைக் ‘கடவுளில் இருக்கும் இயற்கை’ என்கிறார்: இருண்ட, அறிவு புலராத ஏக்கம். இதை இரண்டாவது கடவுள் என்று படித்தால் முழுக் கட்டுரையும் கெட்டுவிடும். அது காலத்தால் முந்தியதுமல்ல, தகுதியால் உயர்ந்ததுமல்ல. ஒன்றில்லாமல் மற்றது இல்லை. அதையே தீமை என்று எண்ணுவதும் தவறு. தனித்து நிற்கும் அந்த விசை இல்லாவிட்டால் அன்புக்கே உயிரிராது.

கடவுளில் இருப்பும் அடித்தளமும் பிரிக்க முடியாதவை, மனிதனில் பிரியக்கூடியவை. தீமைக்கான வாய்ப்பு இங்கேதான் பிறக்கிறது. முழுமைக்குள் அடங்கி நிற்க வேண்டிய தன்விருப்பம் தானே மையமாகத் துடிக்கிறது. ஓர் உறுப்பு தனக்காக மட்டும் வாழ முற்படும்போது நோய் வருகிறதே, அதையே ஷெல்லிங் உவமையாகக் காட்டுகிறார். நோய் வெறும் குறைபாடன்று, தலைகீழான ஒழுங்கு. தீமை வெறும் இன்மை என்ற மெய்யியலாளர் லைப்னிட்ஸின் கொள்கை இதனால்தான் போதாது. குறைதான் தீமை என்றால் மனிதனைவிட விலங்குதான் கொடியதாக இருக்க வேண்டும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் படைப்புகளில் மிக நிறைவான மனிதன் மட்டுமே தீமைக்கு வல்லவன். தீமையின் வேர் புலன்களில் இல்லை என்று மெய்யியலாளர் காண்ட் 1793இலேயே சொல்லிவிட்டார். ஷெல்லிங் அதைக் கடவுள்வரை கொண்டுபோகிறார். ஐரோப்பிய மெய்யியலில் இவ்வளவு துணிச்சலான அடியை நான் அதிகம் கண்டதில்லை.

எனக்கு உறுத்துவது வேறிடம். ஒவ்வொருவரின் குணமும் காலத்துக்கு அப்பாற்பட்ட ஒரு செயலில் அவரே தேர்ந்தது என்கிறார். இயேசுவின் சீடன் யூதாஸ் அவரைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்க முடியாது. ஆனாலும் மனமுவந்து, முழுச் சுதந்திரத்தோடுதான் செய்தான். அப்படியென்றால் மனம் மாறுகிறவனுக்கு என்ன விளக்கம்? நன்மையின் உதவிக்கு இடம்கொடுக்கும் இயல்பும் அதே ஆதிச்செயலில் அடங்கியது என்பது அவர் பதில். அது போதாது. ஒளியின், அதாவது அறிவின், பிறப்பு இயற்கையின் களம் என்றால் ஆவியின், அதாவது தன்னை அறியும் மனத்தின், பிறப்பு வரலாற்றின் களம் என்று அவரே சொல்கிறார். எல்லாம் முன்பே தீர்மானமாகிவிட்டால் அந்த வரலாற்றில் புதிதாக என்ன நிகழும்? காலத்தின் பிரச்சினையை அவர் பிறகு ‘உலக யுகங்கள்’ நூலில் நேரடியாக எடுத்துக்கொண்டார். 1811, 1813, 1815 என மூன்று வரைவுகள் எழுதினார். மூன்றும் ‘கடந்த காலம்’ என்ற முதல் பகுதியைத் தாண்டவில்லை. அவர் வாழ்நாளில் வெளிவரவுமில்லை.