எறும்புப் படையின் பின்னால் வாழும் பறவை

நேயர்களுக்கு வணக்கம்.

அமேசான் காட்டின் தரையில் படை எறும்புகள் வேட்டைக்குப் புறப்பட்டால், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். காற்று அடிக்காமலே சருகுகள் சலசலக்கும். பல மீட்டர் அகலத்துக்கு எறும்புகள் விரிந்து முன்னேற, ஒளிந்திருந்த கரப்பான்களும் வெட்டுக்கிளிகளும் சிலந்திகளும் பூரான்களும் உயிர் பிழைத்தால் போதும் என்று வெளியே பாய்ந்து ஓடும். அந்தக் கலவரத்தை நம்பியே பிழைப்பு நடத்தும் ஒரு சிறு பறவையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

எறும்புப் பறவைகள் என்ற பெரிய குடும்பத்தில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. எல்லாமே நடு, தென் அமெரிக்கக் காடுகளைச் சேர்ந்தவை. அவற்றில் மிகச் சில இனங்கள் மட்டுமே படை எறும்புகளை முழுமையாக நம்பி வாழ்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றுதான் வெண்தாடி எறும்புப் பறவை. எடை சுமார் 20 கிராம். கறுத்த தலை, நெற்றியில் இரண்டு கொம்பு போல நிமிர்ந்து நிற்கும் வெள்ளை இறகுகள், தாடையில் வெள்ளைத் தாடி, செம்பழுப்பு வயிறு, ஆரஞ்சு நிறக் கால்கள். இவ்வளவு அழகை வைத்துக்கொண்டு, வெளிச்சம் அதிகம் எட்டாத புதர் இருட்டிலேயே இதன் ஆயுள் கழிகிறது.

இது எறும்பைத் தின்பதில்லை. எறும்புக்கு அஞ்சி ஓடுவதைத்தான் பிடிக்கிறது. அது பிடிக்கும் விதம் பார்க்கப் பார்க்க அலுக்காதது. தரையில் இறங்கினால் எறும்புகள் கடித்துக் குதறிவிடும். அதனால் தரையிலிருந்து கொஞ்ச உயரத்தில், நெட்டுக்குத்தாக நிற்கும் மெல்லிய தண்டு ஒன்றைக் கால்களால் இறுகப் பற்றி, உடலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு கீழே உற்றுப் பார்த்தபடி இருக்கும். பூச்சி ஒன்று சருகைவிட்டுத் துள்ளியதும் ஒரே பாய்ச்சல். கவ்விய வேகத்தில் அடுத்த தண்டுக்குத் தாவிவிடும். படையின் முகப்பில் நல்ல இடங்களையெல்லாம் பெரிய பறவைகள் பிடித்துக்கொள்வதால், இந்தச் சிறியது இடைவெளி பார்த்து நுழைந்து நுழைந்துதான் வயிற்றை நிரப்ப வேண்டும்.

இந்தப் பிழைப்பில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. படை எறும்புகளுக்கு நிலையான புற்று கிடையாது. லட்சக்கணக்கான எறும்புகள் ஒன்றின் காலை ஒன்று கோத்துக்கொண்டு, தங்கள் உடல்களாலேயே கூடு கட்டுகின்றன. ஏறக்குறைய மூன்று வாரம் ஓரிடத்தில் தங்கும். அப்போது வேட்டையும் குறைவு. பிறகு இரண்டு வாரம் நாடோடியாகத் திரிந்து, அநேகமாக ஒவ்வொரு இரவும் இடம் மாறும். ஒரே கூட்டத்தை நம்பியிருக்கும் பறவை பட்டினி கிடக்க வேண்டியதுதான். ஆகவே பல கூட்டங்கள் எங்கெங்கே தங்கியிருக்கின்றன என்று அது மனதில் வைத்திருந்து, கூடுகளை நேரில் போய்ப் பார்த்துவிட்டும் வருகிறது. எத்தனை பரந்த காடு இருந்தால் இது சாத்தியம் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தக் காட்டைத் துண்டு போட்டால் என்ன ஆகும்? 1979-ல் பிரேசிலின் மனாஸ் நகருக்கு வடக்கே தாமஸ் லவ்ஜாய் என்ற உயிரியலாளர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மாட்டுப் பண்ணைக்காகக் காட்டை அழிப்பவர்கள் பாதி நிலத்தைக் காடாகவே விட வேண்டும் என்று அங்கே அப்போது சட்டம் இருந்தது. அதைப் பயன்படுத்தி 1, 10, 100 ஹெக்டேர் அளவுகளில் காட்டுத் துண்டுகளை விட்டுவைக்கச் செய்து, பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். சிறிய துண்டுகளிலிருந்து முதலில் காணாமற்போனவை எறும்புப் படையைப் பின்தொடரும் பறவைகள்தான். மரங்கள் நின்றன, சருகும் பூச்சியும் இருந்தன. ஆனால் ஓர் எறும்புக் கூட்டம் சுற்றித் திரிவதற்கே அந்த இடம் போதவில்லை.

பக்கத்துக் காட்டுக்குப் பறந்து போகக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். இறக்கை இருக்கிறதே! பனாமாக் கால்வாய்க்காக உருவான காத்தூன் என்ற ஏரியில் இதையே சோதித்தார்கள். அடர்காட்டுப் பறவைகளைப் படகில் கொண்டுபோய், கரையிலிருந்து 100 மீட்டர் முதல் 300 மீட்டர் வரையான தூரங்களில் பறக்கவிட்டார்கள். 2008-ல் வெளிவந்த முடிவைப் படித்தபோது எனக்கு மனசே கேட்கவில்லை. சில இனங்களால் 100 மீட்டரைக்கூடக் கடக்க முடியவில்லை. புதருக்குப் புதர் தாவியே பழகிய உடம்பு அது. திறந்தவெளி அதற்குச் சுவர் மாதிரி. அதே ஏரியில், 1914 வாக்கில் தண்ணீர் சூழ்ந்து தீவாகிப்போன பாரோ கொலராடோவில் காடு பத்திரமாகப் பாதுகாக்கப்பட்டது. படை எறும்புகளும் இருந்தன. ஆனாலும் அங்கே வாழ்ந்த ஒரு பெரிய எறும்புப் பறவை இனம், எட்வின் வில்லிஸ் என்ற பறவை ஆய்வாளர் 1960-களில் ஆய்வு செய்துகொண்டிருந்த காலத்திலேயே அருகி, பிறகு அங்கே இல்லாமலே போனது. வெளியிலிருந்து புதிதாக ஒன்றும் வந்து சேர வழியில்லை.

மனாஸில் கிடைத்த இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். கைவிடப்பட்ட மேய்ச்சல் நிலங்களில், வெட்டிய மரங்களைக் கொளுத்தாமல் விட்ட இடங்களில், செக்ரோபியா மரங்கள் மளமளவென்று வளர்ந்து சில ஆண்டுகளிலேயே நிழல் பரப்பின. எறும்புப் படையைப் பின்தொடரும் பறவைகள் அந்த நிழல் வழியாகத் துண்டுக் காடுகளுக்கு மறுபடி வரத் தொடங்கின. கொளுத்தி மேய்ச்சலுக்கு விட்ட இடங்களில் முளைத்தது விஸ்மியா என்ற வேறொரு மரம். அங்கே மீட்சி மிகவும் மெதுவாகத்தான் நடந்தது.

நன்றி, வணக்கம்.