62 சதவீதத்துக்குள் யார் இருக்கிறார்கள்?

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் நெரிசலில், அதுவும் மழையில் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

2018இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 9, 11ஆம் வகுப்பு மாணவர்கள் 80,929 பேர் 2016இல் நிரப்பிக் கொடுத்த படிவங்களை வைத்து எழுதியது. அவர்களில் 2,168 பேர் திருநர், அல்லது தம் பாலினம் எதுவென்று உறுதியாகச் சொல்ல முடியாதவர்கள். மற்றவர்கள் சிஸ்ஜெண்டர், அதாவது பிறந்தபோது பதிவான பாலினத்தையே தம்முடையதாக உணர்பவர்கள். நாக்கில் ஒட்டாத சொல்தான், இன்றைக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உடல்நலம் எப்படி என்று கேட்டபோது ‘மிக நன்று’, ‘அருமை’ என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லாதவர்கள் திருநர் பக்கம் 62.1 சதவீதம். மறுபக்கம் 33.1.

இது வாட்ஸ்அப்புக்கு வந்தால் என்ன ஆகும்? ‘திருநர் பிள்ளைகளில் 62 சதவீதம் நோயாளிகள்’ என்று ஆகிவிடும். அந்த 62க்குள் ‘நன்று’ என்று சொன்ன பிள்ளையும் இருக்கிறது ஐயா! பதிலுக்கு இருந்த ஐந்து படிகளில் கீழ் மூன்றையும் சேர்த்துக் கட்டிய மூட்டை அது. ஆனால் இரண்டு பக்கத்தையும் ஒரே அளவுகோலால்தான் அளந்தார்கள். அதனால் இடைவெளியை ஒதுக்கிவிட முடியாது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. இந்தப் பிள்ளைகள் பள்ளி நர்ஸ் அறைக்கு மற்றவர்களைவிட அதிகம் போகிறார்கள். நோய் வருமுன் செய்துகொள்ளும் பரிசோதனைக்கோ குறைவாகப் போகிறார்கள். ஏன் என்று படிவம் சொல்லாது. நான் ஊகிக்கிறேன். வயிற்று வலி என்று சொல்லி சிக் ரூமில் போய்ப் படுத்தவர்கள் கொஞ்சம் கை தூக்குங்கள். சரி, பாதி அரங்கம். எல்லாருக்கும் வயிறுதான் வலித்ததா?

அதே ஆய்வில் இன்னொரு செய்தி: திருநர் பிள்ளைகளிலும், பிறர் கண்ணுக்குப் பிறப்புப் பாலினத்திலிருந்து மாறித் தெரிபவர்களின் நிலைதான் இன்னும் மோசம். அப்படியானால் நோய் அந்தப் பிள்ளைக்குள் மட்டும் இருக்கிறதா, பார்க்கிற கண்ணிலும் இருக்கிறதா?

‘உறுதியில்லை’ என்றவர்களை மினசோட்டாவில் திருநரோடு சேர்த்தே எண்ணினார்கள். நியூசிலாந்தின் 2012 மாணவர் ஆய்வில் தனித்தனியாகக் கேட்டார்கள். திருநர் 1.2 சதவீதம், உறுதியில்லை என்றவர்கள் 2.5. கேள்வியை மாற்றினால் கூட்டமே மாறுகிறது பாருங்கள்.

அப்புறம், நம் மலேசியா. இங்கே 12 வயதில் பிள்ளை கையில் ஐசி, அதாவது அடையாள அட்டை, வந்துவிடும். கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். மூன்று வருடம் கழித்து அதே பிள்ளை காய்ச்சலோடு கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிறது. ஐசியில் உள்ள பெயரை உரக்கக் கூப்பிடுகிறார்கள். எழுந்து நிற்பதைப் பார்த்து அத்தனை தலையும் திரும்புகிறது. அடுத்த முறை காய்ச்சல் வந்தால் அந்தப் பிள்ளை வருமா?

அமெரிக்காவில் 129 இளையோரிடம் நடத்திய ஓர் ஆய்வும் 2018இல் வந்தது. தாங்கள் தேர்ந்துகொண்ட பெயரை வீடு, பள்ளி, வேலை, நண்பர்கள் என்று எத்தனை இடங்களில் பயன்படுத்த முடிகிறதோ, அந்த அளவுக்கு மனச்சோர்வு அறிகுறிகள் குறைவாக இருந்தன. சிறிய ஆய்வுதான். பெயர் ஒன்றே காரணம் என்று அதை வைத்துச் சாதிக்க முடியாது.

கிளினிக்கில் வேலை செய்பவர்கள் சிலர் பின்வரிசையில் இருக்கிறீர்கள். அறை வாசலில் பெயருக்குப் பதிலாக வரிசை எண்ணைக் கூப்பிட்டால் உங்களுக்கு என்ன சிரமம்? தேநீருக்கு முன்னால் அதைக் கேட்டுவிடுகிறேன், மைக்கைப் பின்னால் கொடுங்கள்.