சனிக்கிழமைக்கு இடமில்லாத வீடு

வணக்கங்க. பேச கூப்பிட்டதுக்கு நன்றி. பத்து நிமிஷம் குடுத்திருக்காங்க, நான் கொஞ்சம் வளவளன்னு பேசற ஆளு, பாத்துக்கலாம்.

உங்கள்ல யாராவது வீட்டுல அமெரிக்காவுல இருந்து வந்த சில்லறை கிடக்குதான்னு பாருங்க. பையனோ மருமகளோ பழைய பேண்ட் பாக்கெட்டோட கொண்டு வந்திருப்பாங்க. அதுல அஞ்சு சென்ட் காசை எடுத்து திருப்பிப் பாருங்க, ஒரு வீடு இருக்கும், நடுவுல கோபுர மூடி மாதிரி குவிமாடம், முன்னாடி தூண். அதுதான் மாண்டிசெல்லோ, வர்ஜீனியாவுல சார்லட்ஸ்வில் பக்கத்துல ஒரு குன்று மேல இருக்கு. 1938ல இருந்து காசுல இருக்கு. கட்டினது தாமஸ் ஜெஃபர்சன், அமெரிக்காவோட மூணாவது ஜனாதிபதி. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அந்த வீடு இன்னைக்கு நிக்குதுன்னா அதுக்குக் காரணம் ஒரு கப்பற்படை அதிகாரி, அந்த ஆளப் பத்தித்தான் நான் பேச வந்தேன்.

ஆனா அதுக்கு முன்னாடி கடிகாரத்தப் பத்தி சொல்லிடறேன், மன்னிச்சுக்குங்க, எங்க அப்பா வாட்ச் ரிப்பேர் கடை வெச்சிருந்தவரு, எனக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் மொதல்ல கண்ணு சுவத்துலதான் போகும். மாண்டிசெல்லோவுக்கு என் பையன் கூட்டிட்டுப் போனான், உள்ள நுழைஞ்சதும் கதவுக்கு மேல ஒரு பெரிய கடிகாரம். இதுக்கு ரெண்டு முகம், ஒண்ணு வீட்டுக்குள்ள, ஒண்ணு வெளிய. வெளிய இருக்கறதுல மணி முள்ளு மட்டும்தான், நிமிஷ முள்ளே இல்ல. வயல்ல வேலை செய்யறவங்களுக்கு மணி தெரிஞ்சா போதும்னு ஜெஃபர்சன் நெனச்சாரு போல. இதை ஓட்டறது எடை. பீரங்கி குண்டு மாதிரி இரும்பு உருண்டைங்கள கயித்துல கோத்து ரெண்டு பக்கமும் தொங்க விட்டிருக்கு, அது வாரம் முழுக்க மெதுவா கீழ இறங்கும். சுவத்துல மேல இருந்து கீழ கிழமைய எழுதி வெச்சிருக்காரு, ஞாயிறு, திங்கள், செவ்வாய்னு. குண்டு எந்த எழுத்துக்கு நேரா நிக்குதோ அன்னைக்கு அந்தக் கிழமை. காலண்டரே வேணாம்.

எல்லாம் நல்லா இருக்கு, ஆனா கயிறு நீளம், சுவரு உயரம் பத்தல! வெள்ளிக்கிழமையோட தரை வந்துடுச்சு. நம்மளா இருந்தா கயித்த சின்னதாக்குவோம், இல்லேன்னா கடிகாரத்த மாத்துவோம். இந்த மனுஷன் என்ன பண்ணாரு தெரியுமா, தரையில ஓட்டை போட்டுட்டாரு. குண்டு தரைய துளைச்சு நிலவறைக்குப் போயிடும், சனிக்கிழமைங்கற எழுத்து அங்க கீழ இருட்டுல இருக்கு. நான் குனிஞ்சு அந்த ஓட்டைய ரொம்ப நேரம் பாத்தேன், பின்னாடி க்யூல நின்னவங்க முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஞாயித்துக்கிழமை ஏணி போட்டு ஏறி திரும்ப சாவி குடுக்கணும். எங்க வீட்டுல அப்பாவும் ஞாயித்துக்கிழமைதான் சாவி குடுப்பாரு, எண்ணெய் தேச்சுக் குளிக்கறதுக்கு முன்னாடி. சரி விடுங்க.

இப்படி வாழ்ந்த மனுஷன் 1826 ஜூலை 4ஆம் தேதி சாகும்போது ஒரு லட்சம் டாலருக்கு மேல கடன். அந்தக் காலத்து ஒரு லட்சம்! அடுத்த ஜனவரியில வீட்டுச் சாமானையும் 130 அடிமைங்களையும் ஏலம் போட்டாங்க. நாற்காலி மேஜையோட சேத்து மனுஷங்களையும் வித்தாங்க, அம்மா ஒருத்தருக்கு, புள்ள இன்னொருத்தருக்குன்னு. அமெரிக்க சுதந்திர அறிவிப்புல எல்லா மனிதரும் சமம்னு எழுதின கை அது, இதச் சொல்லாம அந்த வீட்டப் பத்தி பேசவே கூடாது. அப்புறம் 1831ல வீட்ட ஒரு மருந்துக்கடைக்காரரு 7,000 டாலருக்கு வாங்கி பட்டுப்பூச்சி வளர்க்கப் பாத்தாரு, அது சரிப்படல, வீடு பாழாப் போக ஆரம்பிச்சுது.

அப்பதான் வர்றாரு நம்ம ஆளு, யூரியா ஃபிலிப்ஸ் லீவி. யூரியான்னதும் உர மூட்டை ஞாபகம் வரும், சிரிக்காதீங்க, நம்ம பைபிள்ல உரியான்னு வர்ற அதே பேருதான். யூதர். 1792ல ஃபிலடெல்ஃபியாவுல பொறந்து பத்து வயசுல கப்பல்ல எடுபிடிப் பையனா ஓடிப் போனவரு. 1812 போர்ல பிரிட்டிஷ்காரங்ககிட்ட மாட்டி இங்கிலாந்துல டார்ட்மூர் ஜெயில்ல கிடந்தாரு. படையில யூதன்னு இளக்காரமா பேசுவாங்க, இவரு சும்மா இருக்க மாட்டாரு, சண்டைக்கு நிப்பாரு, ஆறு தடவ ராணுவ விசாரணை!

ஒரு விசாரணை எதுக்குன்னு கேளுங்க. கப்பல்ல ஒரு பையன் அதிகாரி ஒருத்தர மாதிரியே பேசிக் காட்டியிருக்கான். அப்ப கப்பற்படையில எதுக்கெடுத்தாலும் சாட்டையடிதான், முதுகுத் தோல் உரியும். இவருக்கு அது பிடிக்காது. அதனால பையன் பின்பக்கம் கொஞ்சம் தார் தடவி கிளி இறக ஒட்டி சில நிமிஷம் நிக்க வெச்சாரு, கிளிப்பிள்ளை மாதிரி பேசினியே, இந்தா இறகுன்னு. அதுக்குப் போயி 1842ல வேலைய விட்டே தூக்கச் சொன்னாங்க, ஜனாதிபதி தலையிட்டு தண்டனையக் குறைச்சாரு. சாட்டையடி வேணாம்னு இவரு எழுதிக்கிட்டே இருந்தாரு, 1850ல நாடாளுமன்றமே அத நிறுத்திடுச்சு.

ஜெஃபர்சன் மேல இவருக்கு ஏன் அவ்வளவு பாசம்னா, வர்ஜீனியாவுல மத சுதந்திரச் சட்டத்த எழுதினவரு அவருதானே, அது இல்லேன்னா நம்மள மாதிரி ஆளுக்கு இந்த நாட்டுல என்ன இடம்னு நெனச்சாரு. பாரிஸ்ல ஜெஃபர்சனுக்கு வெண்கலச் சிலை செய்யச் சொல்லி நாட்டுக்கே பரிசா குடுத்தாரு, 1834ல. அதே வருஷம் இந்த வீட்ட 2,700 டாலருக்குப் பேசி முடிச்சாரு. 7,000க்குப் போன வீடு, மூணு வருஷத்துல 2,700! ஓடு ஒழுகுது, ஜன்னல் உடைஞ்சு கிடக்குது, இவரு சொந்தக் காசப் போட்டு சரி பண்ணாரு. தோட்டத்தையும் சீர் பண்ணாரு. இவரும் அங்க அடிமைங்களத்தான் வேலைக்கு வெச்சிருந்தாரு, அதையும் மறைக்க முடியாது. சாட்டையடி பாவம்னு சொன்ன மனுஷன்தான்.

1862ல செத்தாரு. உயில்ல வீட்ட அமெரிக்க மக்களுக்கு எழுதி வெச்சாரு, கப்பற்படைக்காரங்களோட அனாதைப் பிள்ளைங்க அங்க விவசாயம் படிக்கணுமாம். உள்நாட்டுப் போர் நடந்துட்டு இருக்கு, தெற்குப் பக்கத்துக்காரங்க வீட்டப் பிடுங்கி வித்துட்டாங்க. போர் முடிஞ்சதும் சொந்தக்காரங்க உயிலே செல்லாதுன்னு கோர்ட்டுக்குப் போனாங்க. சொத்து கேஸ்னா எப்படின்னு உங்களுக்குச் சொல்லவா வேணும், 1879 வரைக்கும் இழுத்துச்சு. அதுவரைக்கும் பாத்துக்கிட்டவரு வரவேற்பறையில தானியம் தூத்தினாரு, நிலவறையில மாடு கட்டினாரு. அதாவது, யோசிச்சுப் பாருங்க, நம்ம சனிக்கிழமை இருந்த இடத்துல மாடு!

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து ரெண்டு விரல் காட்டறாங்க, ரெண்டு நிமிஷமாம். கடிகாரத்துக்கே அவ்வளவு நேரம் குடுத்துட்டேன். சுருக்கமா சொல்லிடறேன், லீவியோட அண்ணன் தம்பி வழிப் பையன், பேரே ஜெஃபர்சன் மன்ரோ லீவி, பங்காளிங்க கிட்ட இருந்து வாங்கி மறுபடி செப்பனிட்டாரு. அரசாங்கம் எடுத்துக்கணும்னு அவர் மேல பெரிய பிரச்சாரமே நடந்துச்சு, மாட்டேன்னுட்டாரு, கடைசியில 1923ல 5 லட்சம் டாலருக்கு ஒரு அறக்கட்டளைக்குக் குடுத்தாரு. அதுக்கப்புறம் லீவி பேரு ரொம்ப நாள் அங்க அதிகமா கேக்கல.

வீட்டுக்கிட்ட நடந்து போற வழியில லீவியோட அம்மா ரேச்சலோட கல்லறை இருக்கு, 1839ல அங்கயே புதைச்சாங்க. 1985லதான் அங்க ஒரு பலகை வெச்சாங்க. நான் போனப்ப மேல சின்னச் சின்னக் கூழாங்கல் வெச்சிருந்துச்சு, யூதங்க வழக்கமாம் அது. பையன் கார் எடுக்கப் போயிட்டான், நானும் குனிஞ்சு ஒரு கல்லு தேடினேன். சரிங்க, கைய ஆட்டறாங்க, வணக்கம்.